13 வருடம் கட்டப்படும் நகரம்: திறந்த உலக வீடியோ கேம் வியாபாரம் எங்கே போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்காக எனது தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிந்து தேநீரும் வந்த பிறகு, தங்கை அலுமாரியைத் திறந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே இருந்தது ஒரு காணி உறுதி. எங்கள் வாப்பா அவளது பங்குக்கு எழுதிக் கொடுத்த 12 பேர்ச்சஸ் காணியின் உறுதி அது.

"நானா, இத வித்துப் போட்டு இவன ஸ்கொட்லாந்துக்கு அனுப்பலாமா? நீங்க பேப்பர்ல வியாபாரம் பத்தி எழுதுற ஆள்தானே, சொல்லுங்க" என்றாள்.

மருமகன் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு இருக்கிறான். ஸ்கொட்லாந்தின் டண்டி நகரத்திலுள்ள அபர்டே பல்கலைக்கழகத்தில் வீடியோ கேம் உருவாக்கும் பட்டப்படிப்பைப் படிக்க வேண்டும் என்பது அவனது விருப்பம். உலகிலேயே முதன்முதலாகக் கணினி விளையாட்டுக்கென்று ஒரு பட்டப்படிப்பை 1997 இல் ஆரம்பித்த பல்கலைக்கழகம் அது என்று அவனே சொன்னான். "மாமா, இந்த லைனுக்கு எதிர்காலம் ஈக்கா?" என்று கேட்டபோது அவனுடைய கண்ணில் ஆசையும் பயமும் சேர்ந்தே தெரிந்தன.

நான் வீடியோ கேம் விளையாடுபவன் அல்லன். ஆனால், ஒரு காணியின் விதி என் வாயில் தொங்குகிறது என்றால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் நான் படித்தறிந்தவற்றையே இந்த வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். தமது பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

ஒரு முன்குறிப்பு. கீழே பேசப்படும் கேம்களில் சில, வன்முறையும் ஆபாசமும் நிறைந்தவை. கிராண்ட் தெப்ட் ஓட்டோ ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கென முத்திரை குத்தப்பட்டு விற்பனையாவது. அதன் வியாபாரத்தை ஆராய்வது அதனைச் சிபாரிசு செய்வதாகாது.

திறந்த உலகம் என்றால் என்ன?

பழைய கேம்களில் ஒரு பாதை இருக்கும். இடமிருந்து வலமாக ஓட வேண்டும், ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம். 'ஓபன் வேர்ல்ட்' எனப்படும் திறந்த உலக கேமில் அப்படி ஒரே பாதை இல்லை. ஒரு முழு நகரமோ நாடோ விளையாடுபவருக்கு முன்னால் விரிந்து கிடக்கும். எந்த வீதியில் போவது, எந்த வேலையை முதலில் செய்வது என்பதெல்லாம் அவரது விருப்பம்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1984 இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்றொரு விண்வெளி வர்த்தக கேமை வெளியிட்டார்கள். 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட பீ.பீ.சி. மைக்ரோ கணினியில் அது ஓடியது. அதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், மொத்தம் 2,048 கிரகங்கள். இத்தனையையும் அந்தச் சிறிய நினைவகத்தில் சேமித்து வைக்க முடியாது. எனவே, ஒரு கணிதச் சூத்திரத்தைக் கொண்டு தேவைப்படும்போது கிரகங்களை உண்டாக்கினார்கள். இந்தத் தந்திரத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

1999 இல் ஜப்பானின் சேகா நிறுவனம் 'ஷென்மூ' என்ற கேமை வெளியிட்டது. யொக்கொசுகா நகரின் ஒரு பகுதியை அச்சொட்டாகப் படைத்திருந்தார்கள். கடைகள் நேரத்துக்குத் திறக்கும், மூடும். மனிதர்கள் காலையில் வேலைக்குப் போவார்கள். அதன் செலவு 47 மில்லியன் டொலர் என்று சொல்லப்பட்டது. அக்காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. 2001 இல் சேகா கேம் கருவி தயாரிப்பிலிருந்தே விலகிக்கொண்டது. அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு.

அதே 2001 ஒக்டோபர் மாதம் 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ 3' வெளிவந்தது. அதைச் செய்தவர்கள் டண்டி நகரத்தில் உருவாகி எடின்பரோவுக்கு இடம்பெயர்ந்த டீ.எம்.ஏ. டிசைன் என்ற கம்பனியினர். இன்று அதன் பெயர் ரொக்ஸ்டார் நோர்த். மருமகன் டண்டியின் பெயரை உச்சரிப்பதற்கான காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஊரில் பிறந்த தொழில் அது.

அவர்கள் செய்த வேலையின் இரகசியம் எளிமையானது. பிளேஸ்டேஷன் 2 கருவியில் இருந்த நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே. முழு நகரத்தையும் அதற்குள் அடைக்க முடியாது. எனவே விளையாடுபவர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள சில வீதிகளை மாத்திரம் தட்டிலிருந்து எடுத்து வைப்பார்கள். அவர் நகர நகர, முன்னாலுள்ள வீதி உள்ளே வரும், பின்னாலுள்ள வீதி வெளியே போகும். தூரத்துக் கட்டடங்களுக்கு வெறும் மேலோட்டமான வடிவம் மட்டும் இருக்கும். சரக்கறை சிறியதாக இருக்கும் கடைக்காரர், அன்றாடம் விற்பனையாகும் சாமான்களை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களஞ்சியத்திலிருந்து வரவழைப்பதைப் போன்றது இது.

பிளேஸ்டேஷன் 5 இல் 16 கிகாபைட் நினைவகம் உண்டு. அதாவது சுமார் 500 மடங்கு. சரக்கறை 500 மடங்கு பெருத்துவிட்டது. பிரச்சினை, அதை நிரப்புவதற்குச் சரக்கு செய்ய வேண்டியவன் இன்னும் மனிதன்தான் என்பதே.

1, 2, 4, 5, 13

இந்த ஐந்து இலக்கங்களையும் நான் ஒரு கடதாசியில் எழுதி மருமகனிடம் காட்டினேன். இவை கிராண்ட் தெப்ட் ஓட்டோ வரிசையில் ஒரு பிரதான கேமுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வருடங்கள். மூன்றாவது 2001 இல் வந்தது. வைஸ் சிட்டி 2002, சான் அன்ட்ரியாஸ் 2004, நான்காவது 2008, ஐந்தாவது 2013. ஆறாவது முதலில் 2025 இல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு தடவை தள்ளிப்போடும்போதும் தாய்க் கம்பனியான டேக்-டூவின் பங்கு விலை சரிந்தது.

ஏன் இத்தனை வருடம்? 2001 இல் ஒரு கட்டடத்தின் சுவருக்கு ஒரு தட்டையான படம் போதும். இன்று அந்தச் சுவரில் மழை விழுந்தால் நனைய வேண்டும், வெயில் பட்டால் நிழல் விழ வேண்டும், உள்ளே போனால் சமையலறை இருக்க வேண்டும். 2018 இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற கேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பல வருடங்கள் உழைத்திருக்கிறார்கள். வெளியான முதல் மூன்று நாட்களில் 725 மில்லியன் டொலர் விற்பனை கண்டது என்பது வேறு விடயம்.

செலவு விபரங்களைக் கம்பனிகள் பொதுவாக வெளியிடுவதில்லை. ஆனால், சில வழக்குகளின்போது வெளிவந்துவிட்டன. 2023 இல் மைக்ரோசொப்ட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணங்களில் மறைக்க வேண்டிய வரிகள் சரியாக மறைக்கப்படாமல் போனதால் உலகம் ஒன்றைத் தெரிந்துகொண்டது. 'ஹொரைசன் ஃபோபிடன் வெஸ்ட்' என்ற திறந்த உலக கேமுக்கு ஐந்து வருடங்களில் 212 மில்லியன் டொலர் செலவானது. அதே ஆண்டில் பிரித்தானியாவின் போட்டிச் சந்தை ஆணையகம் வெளியிட்ட அறிக்கையும், பெரிய கேம் ஒன்றின் செலவு முன்னர் 50 முதல் 150 மில்லியன் டொலராக இருந்து இப்போது 200 மில்லியனையும் தாண்டுகிறது என்று கூறியது.

ஒரு சாதாரண கடைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செலவு 200 மில்லியன். விலை 70 டொலர். விற்கும் கடைக்கு 30 சதவீதம் போனால் கையில் மிஞ்சுவது 49 டொலர். முதல் தேற வேண்டுமென்றால் 40 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் முழு விலைக்கு விற்பனையாக வேண்டும். விளம்பரச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை. இன்னொன்றும் சேரவில்லை. அந்தப் பணம் ஐந்தாறு வருடங்கள் ஒரு சதம்கூட உழைக்காமல் முடங்கிக் கிடக்கிறது. துறைமுகத்தில் கொள்கலன் சிக்கிக்கொண்டு நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்த நம் வியாபாரிகளுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை.

வென்றவனும் வீழ்ந்தவனும்

இப்படியான பந்தயத்தில் வெற்றி பெற்றால் வெற்றி கொழுத்தது. 2013 செப்டெம்பரில் ஐந்தாவது கிராண்ட் தெப்ட் ஓட்டோ மூன்று நாட்களில் ஒரு பில்லியன் டொலர் விற்பனையைத் தொட்டது. இன்றுவரை 200 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியுள்ளன.

ஆனால் தோற்றால்? போலந்தின் சீ.டீ. புரொஜெக்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நண்பர்கள் 1994 இல் சீ.டீ. தட்டுகளை இறக்குமதி செய்து விற்பதற்காக ஆரம்பித்த கம்பனி அது. 2015 இல் 'விட்ச்சர் 3' மூலம் உலகப் புகழ் பெற்றது. அதன் பின் 'சைபர்பங்க் 2077'. 2020 டிசம்பர் 10 ஆம் திகதி வெளியாகும் முன்னரே 80 இலட்சம் பேர் பணம் கட்டிவிட்டிருந்தார்கள். ஆனால், பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியில் அது சரிவர ஓடவில்லை. படம் உறைந்தது, வாகனங்கள் மறைந்தன. ஒரு வாரத்துக்குள் சோனி தனது கடையிலிருந்தே அதை நீக்கிவிட்டு வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. பங்கு விலை சரிந்தது.

அந்த நிறுவனம் ஓடி ஒளியவில்லை. மூன்று வருடங்கள் பழுது பார்த்தது. 2023 செப்டெம்பரில் புதிய மேலதிகப் பகுதியையும் வெளியிட்டது. 2024 இல் விற்பனை 30 மில்லியன் பிரதிகளைத் தாண்டியது. பெயரை இழந்தவன் அதை மீட்டெடுத்த அரிதான உதாரணம் இது. அதற்குக் கையில் பணம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

பணம் இல்லாதவர்களின் கதி வேறு. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இயங்கிய வொலிஷன் என்ற நிறுவனம் 'செயின்ட்ஸ் ரோ' என்ற திறந்த உலக கேம் வரிசையைச் செய்து வந்தது. 2022 ஓகஸ்டில் வெளியிட்ட புதிய பாகம் எதிர்பார்த்தபடி போகவில்லை. அதன் உரிமையாளரான சுவீடனின் எம்பிரேசர் குழுமம், 2 பில்லியன் டொலர் ஒப்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் கைநழுவியதால் திண்டாடிக்கொண்டிருந்தது. 2023 ஓகஸ்ட் முடிவில், 30 வருட வரலாறு கொண்ட வொலிஷன் இழுத்து மூடப்பட்டது.

பிரான்ஸின் யுபிசொப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட்', 'பார் க்ரை' போன்றவற்றால் திறந்த உலக கேமை ஒரு தொழிற்சாலை உற்பத்தியாகவே மாற்றியது. ஒரே அச்சு, வேறு வேறு ஊர். சில காலம் அது நன்றாக ஓடியது. பின்னர் வாங்குபவர்களுக்குச் சலிப்புத் தட்டியது. 2024 இல் வெளியிட்ட 'ஸ்டார் வோர்ஸ் அவுட்லோஸ்' எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. 2025 மார்ச்சில், தனது முக்கியமான மூன்று கேம் வரிசைகளையும் ஒரு துணைக் கம்பனியாகப் பிரித்து, அதில் 25 சதவீதத்தைச் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்கு 1.16 பில்லியன் யூரோவுக்குக் கொடுக்க உடன்பட்டது. வீட்டின் நல்ல அறையை வாடகைக்கு விட்டுக் கடனைச் சமாளிப்பது போன்ற நிலைமை.

எடின்பரோவிலிருந்தே இன்னொரு உதாரணம். ரொக்ஸ்டார் நோர்த்தின் முன்னாள் தலைவர் லெஸ்லி பென்சிஸ் தனியாக ஒரு கம்பனி ஆரம்பித்து 2025 ஜூனில் 'மைன்ட்ஸ் ஐ' என்ற கேமை வெளியிட்டார். அனுபவமும் பெயரும் முதலீடும் இருந்தன. ஆயினும், கேம் குறைபாடுகளுடன் வெளிவந்து, வாங்கியவர்களின் ஏளனத்துக்கு ஆளானது. சில வாரங்களிலேயே ஊழியர்களை நீக்கும் பணி ஆரம்பமானது.

உலக அளவில் 2023 இல் மட்டும் வீடியோ கேம் துறையில் 10,000 இற்கும் அதிகமானோர் வேலை இழந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2024 இல் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. மருமகன் போட்டியிடப் போவது புதிதாகப் படித்து வருபவர்களோடு மட்டுமல்ல, பத்து வருட அனுபவத்தோடு வீட்டில் இருப்பவர்களோடும்தான். இதைச் சொன்னபோது தங்கை காணி உறுதியை மெதுவாக உறைக்குள் வைத்தாள்.

சில்லறையாக வரும் பணம்

ஒரு தடவை விற்றுவிட்டு ஐந்து வருடம் காத்திருப்பதைவிட, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக விற்பதே மேல் என்பதை இத்துறையினர் கண்டுகொண்டார்கள். 2013 ஒக்டோபரில் தொடங்கப்பட்ட 'ஜி.டி.ஏ. ஒன்லைன்' இதற்கு முன்மாதிரி. கேமினுள்ளே வாகனம், வீடு, உடுப்பு என்று வாங்குவதற்கு உண்மையான பணமும் கொடுக்கலாம். ஆறாவது கேம் 13 வருடம் தாமதமாவதைக் கம்பனி தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு இந்த வருமானமும் முக்கிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2020 செப்டெம்பரில் ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் ஒருபடி மேலே போனது. 'கென்ஷின் இம்பெக்ட்' என்ற பரந்த உலகத்தைக் கைபேசியில்கூட விளையாடும் விதத்தில் இலவசமாகவே கொடுத்தது. நுழைவு இலவசம். ஆனால், நல்ல கதாபாத்திரம் வேண்டுமென்றால் ஒரு குலுக்கல் சீட்டுப் போன்ற முறையில் அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பணமும் கட்டலாம்.

இங்குதான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இந்த கேமை வெளியிடும் நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி 20 மில்லியன் டொலர் செலுத்தவும், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமின்றி இந்தக் குலுக்கல் பெட்டிகளை விற்காதிருக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. உங்கள் வங்கி அட்டையின் இலக்கம் பிள்ளையின் கைபேசியில் பதிந்திருக்கிறதா என்பதை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விலையை உயர்த்தும் முயற்சியும் நடக்கிறது. 2020 இல் 60 டொலர் 70 ஆனது. 2025 இல் நின்டெண்டோ 80 டொலருக்கு ஒரு கேமை விற்றது. அதே ஆண்டு மைக்ரோசொப்ட் ஒரு கேமுக்கு 80 டொலர் அறிவித்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் மீண்டும் 70 ஆக்கியது. வாங்குபவரின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இது அடையாளம்.

வளைகுடாப் பணமும் பக்தாத் நகரமும்

இத்துறைக்கு வந்திருக்கும் புதிய முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் 2021 இல் சேவி கேம்ஸ் என்ற குழுமத்தை உருவாக்கியது. அது 2023 இல் ஸ்கொப்லி என்ற அமெரிக்கக் கம்பனியை 4.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025 செப்டெம்பரில், பொது முதலீட்டு நிதியமும் இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 55 பில்லியன் டொலருக்கு வாங்கும் உடன்படிக்கையை அறிவித்தன. இதில் 20 பில்லியன் கடன். எண்ணெய்க்குப் பிந்திய காலத்துக்கான ஆயத்தம் இது என்று ரியாத் கருதுகிறது. ஆனால், 20 பில்லியன் கடனைச் சுமக்கும் கம்பனி புதிய முயற்சிகளில் துணிந்து இறங்குமா, அல்லது உறுதியாக விற்கும் சரக்கையே திரும்பத் திரும்பச் செய்யுமா என்பது நியாயமான கேள்வி.

எம்பிரேசர் குழுமத்தைக் கவிழ்த்த அந்த 2 பில்லியன் டொலர் ஒப்பந்தத்தின் மறுதரப்பும் சேவி கேம்ஸ்தான் என்று அப்போது செய்திகள் வெளியாகின. எவரது பணமாக இருந்தாலும், வங்கிக் கணக்குக்கு வரும்வரை அதை நம்பிச் செலவு செய்யக் கூடாது என்ற பழைய பாடம் இங்கும் பொருந்துகிறது.

நான் தேடிப் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 2023 ஒக்டோபரில் வெளியான 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்'. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாத் நகரமே அதன் களம். கலீபா அல்-மன்சூர் 762 இல் நிர்மாணிக்கத் தொடங்கிய வட்ட வடிவ நகரத்தின் ஒரு செங்கல்கூட இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை வரலாற்றாசிரியர்களின் உதவியோடு கணினியில் மீளக் கட்டியிருக்கிறார்கள். பைத்துல் ஹிக்மாவும் இருக்கிறது. நகரத்தின் கலை, விஞ்ஞானம், அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சிறு கலைக்களஞ்சியமும் உள்ளேயே சேர்க்கப்பட்டுள்ளது. மருமகன் எனக்கு அந்த வீதிகளில் ஒரு சுற்றுக் காட்டினான். கதை ஒரு கொலையாளிக் கூட்டத்தைப் பற்றியது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால், கடைத்தெருவின் சத்தத்தையும் நதிக்கரையையும் பார்த்துக்கொண்டு நான் தேநீரை ஆறவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதில் இன்னொரு செய்தி உண்டு. இது முதலில் பழைய கேம் ஒன்றின் மேலதிகப் பகுதியாக ஆரம்பிக்கப்பட்டது. முந்தைய பாகம் 60 மணித்தியாலங்களுக்கு மேல் இழுத்துச் சென்றது. இது சுமார் 20 மணித்தியாலத்தில் முடிகிறது. விலையும் 70 அல்ல, 50 டொலர். சிறிய உலகம், குறைந்த விலை. 2025 நவம்பரில் சவூதியின் அல்-உலா பிரதேசத்தைக் களமாகக் கொண்ட ஒரு பகுதியையும் இலவசமாகச் சேர்த்தார்கள்.

இயந்திரம் நகரம் கட்டுமா?

இனி எலைட்டின் தந்திரத்துக்கு வருவோம். மனிதன் செய்வதற்குச் செலவு அதிகம் என்றால் சூத்திரத்தைக் கொண்டு செய்யலாமே? 2016 ஓகஸ்டில் இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்ற சிறிய கம்பனி அதைச் செய்து பார்த்தது. 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற கேமில் 18 குவின்டில்லியன் கிரகங்கள். அதாவது 18 ஐ எழுதி அதன் பின்னால் 18 பூச்சியங்கள். வாங்கியவர்கள் சில நாட்களிலேயே "இத்தனை கிரகம் இருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லையே" என்று கோபப்பட்டார்கள். வருடக்கணக்காக இலவசத் திருத்தங்கள் செய்த பின்னரே பெயர் மீண்டது. பரப்பளவு மலிவானது, உள்ளே நடக்கும் சங்கதிதான் விலை கூடியது என்பதை இது நிரூபித்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2025 ஓகஸ்டில் கூகுளின் டீப்மைன்ட் அறிமுகப்படுத்திய 'ஜீனி 3', ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தால் உள்ளே நடமாடக்கூடிய உலகத்தைக் காட்டுகிறது. ஆனால், சில நிமிடங்களுக்கு மட்டுமே அது நிலைத்திருந்தது. 2026 ஜனவரி இறுதியில் இதனைப் பயன்படுத்தும் வாய்ப்பு அமெரிக்கச் சந்தாதாரர்களுக்குத் திறக்கப்பட்டபோது, கேம் கம்பனிகள் பலவற்றின் பங்குகள் சரிந்தன. முதலீட்டாளர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம். சில நிமிடக் காட்சிக்கும், பல வருடம் பழுதின்றி ஓட வேண்டிய சரக்குக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும், மரம், கல், சுவர் செய்யும் ஆரம்பநிலை வேலைகள் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. புதிதாக வருபவர்கள் தொழில் பழகுவதே அந்த வேலைகளில்தான். அமெரிக்காவில் குரல் நடிகர்கள் 2024 ஜூலையில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு வருடம் நீடித்ததும் இந்தப் பயத்தினால்தான்.

என் முடிவு

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கையில் எனக்குத் தெரிவது இதுதான். மிகப் பெரிய உலகங்களைக் கட்டுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலராகச் சுருங்குவார்கள். நடுத்தரக் கம்பனிகள் சிறிய, செறிவான உலகங்களுக்குத் திரும்பும். பெரிய வீடு கட்டிக் கடனாளியாவதைவிடச் சிறிய வீட்டை ஒழுங்காகக் கட்டுவது மேல் என்பதை அவை கற்றுக்கொண்டு வருகின்றன. மூன்றாவதாக, சிறு குழுக்களுக்குக் கதவு முன்பைவிடத் திறந்திருக்கிறது. 'அன்ரியல்' என்ற மென்பொருளை இலவசமாகவே பாவிக்கலாம். கேமின் மொத்த விற்பனை 10 இலட்சம் டொலரைத் தாண்டினால்தான் 5 சதவீதம் கொடுக்க வேண்டும். 'கொடோ' முற்றிலும் இலவசம். ஆனால், அடுத்தவன் காணியில் கடை போட்டால் வாடகை எப்போதும் உயரலாம். 2023 செப்டெம்பரில் யூனிட்டி நிறுவனம் ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் கட்டணம் என்று திடீரென அறிவித்து, எதிர்ப்பினால் ஒரு வருடத்தின் பின் கைவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகனிடம் சொன்னேன்: "மகன், லைனுக்கு எதிர்காலம் இருக்கு. ஆனா உங்க உம்மாட காணிக்கு ஈடான எதிர்காலமா என்கிறது இன்னும் தெரியாது." முதலில் இங்கேயே கணினி விஞ்ஞானம் படிக்கட்டும். கேம் துறை கைவிட்டாலும் அந்தப் படிப்புக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. படித்துக்கொண்டே இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சிறிய கேம் செய்யட்டும். முழு நகரம் வேண்டாம், ஒரு வீதி போதும். செய்து முடித்து ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வைக்க 100 டொலர் கட்டணம். அதை நான் தருகிறேன் என்றேன். அதை முடிக்கும் பொறுமை அவனுக்கு இருந்தால், டண்டிக்குப் போவதைப் பற்றி மீண்டும் உட்கார்ந்து பேசலாம்.

அவன் முகம் வாடியது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு வீதின்னா, எந்த வீதி மாமா?" என்று கேட்டான். அது நல்ல கேள்வியாகப் பட்டது. தங்கை காணி உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள்.